தலைக்கு அருகே இரும்பு

மருந்தென்று பெயர் பெற்ற பொருளெல்லாம் எக்காலத்தும் எவர்க்கும் மருந்தாகி விடுவதில்லை. தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டிய பஸ்பத்தை வெறும் வாயில் போட்டுக்கொண்டு, பத்தியத்தையும் காற்றில் விட்டவன் பிழைத்தால் அது அவன் பாக்கியம், வைத்தியத்தின் பெருமையன்று. அநுபானமும் பத்தியமும் மருந்தின் பாதி என்பது நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்த பழைய உண்மை. இவ்வுண்மை யந்திரங்களுக்கும் பொருந்துமென்பதை நமது வாலிபர் சிலர் அறியாமலிருப்பதைக் கண்டு மனம் பதைத்தே இன்று இவ்விஷயத்தை எழுதப் புகுந்தோம்.

சில வாரங்களுக்கு முன் நமது நண்பர் ஒருவருடைய குமாரர், புதிதாக அலங்கரித்த தமது காரில் நம்மை ஏற்றிக்கொண்டு சென்றார். நல்ல பிள்ளை, கல்வியும் அடக்கமும் உடையவர். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் நமது நெற்றிப் பொட்டுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் உருண்டையான எஃகுக் குழாய் ஒன்று மேலிருந்து கீழே இறங்குவதைக் கண்டோம். தலைக்கு மேலே குறுக்காக ஒன்று; முதுகுக்குப் பின்னே வளைவாக மற்றொன்று. குழாய்களின் மேல் கறுப்பு நிறப் பஞ்சுறை சுற்றியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் செம்புக் குழாய்களுக்குச் சுற்றுகிறார்களே, அதே உறை.

"இது எதற்குத் தம்பி?" என்றோம்.

"ரோல் கேஜ், மாமா. வண்டி உருண்டாலும் கூரை நசுங்காது. ஸேப்டிக்காகத்தான் போட்டேன்" என்றார்.

"அப்படியானால் உன் ஹெல்மெட் எங்கே?"

அவர் சிரித்தார். "ரோட்டில் கார் ஓட்டுகிறவன் ஹெல்மெட் போடுவானா, மாமா?"

இந்தச் சிரிப்பிலேதான் அபாயம் அடங்கியிருக்கிறது. ஹெல்மெட் இல்லாத தலைக்கு அருகே இரும்பை நிறுத்துவது பாதுகாப்பன்று. பாதுகாப்பின் வேஷம் பூண்டு வந்த ஆபத்து. அவரிடம் அன்று சொன்னதையே அவரைப் போன்ற பல்லாயிரம் இளைஞர்களுக்கும் அவர்களுடைய தந்தையர்க்கும் இப்பொழுது சொல்லுகிறோம்.

ரோல் கேஜ் என்னும் இரும்புக் கூடு பந்தய மைதானத்தில் பிறந்தது. அங்கே அதன் உபயோகத்தை ஒருவரும் மறுக்க முடியாது. கார் பலமுறை உருண்டு புரண்டபின் உள்ளிருந்த சாரதி தாமே இறங்கி நடந்து வருவதை உலகம் பார்த்திருக்கிறது. எஃப்.ஐ.ஏ. என்னும் சர்வதேச மோட்டார் சம்மேளனம் இக்கூட்டுக்கு நுணுக்கமான விதிகளை வகுத்திருக்கிறது. முதன்மையான வளைவுக் குழாய் 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள பொருத்தில்லாத எஃகாக இருத்தல் வேண்டும். சாரதியின் உடல் படக்கூடிய இடங்களில் எளிதில் தீப்பற்றாத மெத்தை வேண்டும். அவருடைய ஹெல்மெட் படக்கூடிய இடங்களிலோ 8857-2001 என்ற தரத்துக்கு உட்பட்ட விசேஷ மெத்தையே வேண்டும். அமெரிக்காவிலும் இதற்கென எஸ்.எஃப்.ஐ. 45.1 என்ற தனித் தரம் உண்டு.

இங்கே நேயர்கள் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். எஃப்.ஐ.ஏ. விதி "தலை படக்கூடிய இடம்" என்று சொல்லவில்லை. ஹெல்மெட் படக்கூடிய இடம் என்றே சொல்லுகிறது. பந்தயச் சாரதி வெறுந்தலையோடு உட்காருவதில்லை என்பதை அடிப்படையாகக் கொண்டே அவ்விதி எழுதப்பட்டது. அவருடைய தலையில் ஹெல்மெட் இருக்கிறது. தோள் இரண்டையும் இடுப்பையும் தொடையிடுக்கையும் பிணைக்கும் பல முனைப் பட்டைகள் அவரை ஆசனத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கின்றன. ஆசனமே தொட்டில்போல இருபுறமும் அணைத்துப் பிடிக்கிறது. கழுத்தைக் காக்க ஹான்ஸ் என்னும் சாதனம் தோளின்மேல் அமர்ந்திருக்கிறது. இவை யாவும் கூடி நிற்கும்போதே இரும்புக் கூடு ரட்சகனாகிறது.

இத்துணைச் சாதனங்களுள் ஒன்று குறைந்தாலும் விளைவு என்னவென்பதற்குப் பந்தய சரித்திரமே சாட்சி. 2001 பிப்ரவரி 18-ஆம் தேதி அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற சாரதியின் கார் மதிற்சுவரில் மோதியது. கூடு இருந்தது, ஹெல்மெட் இருந்தது, கழுத்துக்குரிய சாதனம் இல்லை. மண்டையோட்டின் அடிப்பாகம் முறிந்து அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே நாஸ்கார் சங்கம் தலையையும் கழுத்தையும் காக்கும் சாதனத்தைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2003-இல் அது கட்டாயமாயிற்று. பந்தய உலகத்துக்கே பத்தியம் ஒன்று குறைந்ததால் இக்கதி நேர்ந்ததென்றால், பத்தியம் அனைத்தையும் துறந்து மருந்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தவனுடைய கதி யாதாகும்?

இனி, தலைக்கும் இரும்புக்கும் நடுவே நிகழும் காரியத்தைக் கணக்காகவே பார்ப்போம். மணிக்கு 24 கிலோமீட்டர் என்பது பெரிய வேகமன்று. சைக்கிளில் விரைந்து செல்பவன் அந்த வேகத்தை எட்டுவான். ஆயினும் அது விநாடிக்குச் சுமார் 6.7 மீட்டர். ஏழரை அடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகமும் அதுவே. அந்த வேகத்தில் செல்லும் தலை ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டுமென்றால், அதைத் தடுக்கும் விசை பூமியின் ஆகர்ஷணத்தைப்போல் சராசரி 230 மடங்கு. நாலரைக் கிலோ எடையுள்ள தலையின்மேல் அந்தக் கணத்தில் ஏறக்குறைய ஆயிரம் கிலோ பாரம் அழுந்துகிறது. நிற்பதற்கு இரண்டரை சென்டிமீட்டர் கிடைத்தால் இது சுமார் 90 மடங்காகக் குறைகிறது. ஐந்து சென்டிமீட்டர் கிடைத்தால் 46 மடங்காகிறது. ஆக, உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள வேற்றுமை சில விரற்கடை அகலந்தான்.

இவ்வுண்மையை உலகுக்கு முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் ஹியூ டி ஹேவன் என்ற அமெரிக்கர். முதல் உலக யுத்தத்தின்போது விமானப் பயிற்சியில் விபத்துக்குள்ளாகிக் கடுங்காயத்தோடு உயிர் தப்பிய அவர், "நான் எப்படிப் பிழைத்தேன்?" என்ற கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டார். 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களுடைய வரலாறுகளைத் தேடி ஆராய்ந்து 1942-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிழைத்தவர்கள் தெய்வச் செயலால் மட்டும் பிழைக்கவில்லை; அவர்கள் விழுந்த இடம் சில அங்குலமாவது அமுங்கி வழிவிட்டது; விசை உடலின் ஒரு புள்ளியில் பாயாமல் பரவியது. இவ்விரண்டுமே அவர் கண்ட ரகசியம்: நிற்பதற்குத் தூரம் வேண்டும், தாங்குவதற்குப் பரப்பு வேண்டும். எஃகுக் குழாயோ அமுங்குவதில்லை. உருண்டையாதலால் பரப்பையும் அளிப்பதில்லை. அது இரண்டு வரங்களையும் ஒருங்கே மறுக்கும் பொருள்.

"அதற்காகத்தானே மெத்தை சுற்றியிருக்கிறோம்?" என்று எதிர்க்கட்சியார் கேட்பர். இக்கேள்விக்கு மறுமொழி கூறுவது நமது கடமை. குளிர்சாதனக் குழாய்க்குச் சுற்றும் உறை, வெப்பத்தைத் தடுப்பதற்கென்று செய்யப்பட்டது, மோதலைத் தாங்குவதற்கன்று. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் இரும்பு விரலுக்குத் தட்டுப்படுமாயின், அது தலைக்கும் அவ்வாறே தட்டுப்படும். மென்மையான பஞ்சு வேகத்தைக் குறைக்காமலே முழுதும் நசுங்கிவிடுகிறது. மிச்சமுள்ள வேகத்தோடு தலை இரும்பைச் சந்திக்கிறது. தொடுவதற்கு இதமாக இருப்பதெல்லாம் மோதுவதற்கும் இதமாக இருக்குமென்று நினைப்பது பெரும் பிசகு. போதாக்குறைக்கு இவ்வகை உறைகளில் பல, தீப்பற்றினால் நச்சுப் புகையைக் கக்குவன.

பந்தயத்துக்குரிய தரமான மெத்தையை வாங்கிப் பொருத்தினால் போதாதோ எனில், அதிலும் ஒரு சங்கடம் உண்டு. அம்மெத்தை கையால் அழுத்தினால் எளிதில் அமுங்காத கடினமுடையது. ஹெல்மெட்டின் கெட்டியான ஓடு மோதலைப் பரப்பிக் கொடுக்கிறது. அதனுள்ளிருக்கும் உறை நசுங்கி வேகத்தை விழுங்குகிறது. மெத்தை அதற்குத் துணை நிற்கிறது. வெறுந்தலைக்கு ஓடுமில்லை, உள்ளுறையுமில்லை. வெறும் இரும்பைக் காட்டிலும் அம்மெத்தை மேலென்பதில் சந்தேகமில்லை. ஆனால் 'மேல்' என்பது வேறு, 'போதும்' என்பது வேறு. மென்மையான பஞ்சு இரும்பைத் தடுக்காது. கடினமான மெத்தை வெறுந்தலைக்காகச் செய்யப்பட்டதன்று. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வது நமது பிள்ளையின் தலை.

"பெல்ட் அணிந்தவன் தலை எப்படி அங்கே போய் மோதும்?" என்று கேட்போரும் உளர். சாதாரணக் காரிலுள்ள மூன்று முனை பெல்ட் உடலைக் கல்லில் கட்டியதுபோல் பிணைப்பதில்லை, பிணைக்கவும் கூடாது. சிறிது நீண்டு கொடுத்து, மார்பெலும்பு நொறுங்காமல் உடலை மெல்ல நிறுத்துவதே அதன் தர்மம். அவ்வாறு அது நீளும்போது தலை முன்னும் பக்கமும் வெகுதூரம் வீசப்படுகிறது. பக்கவாட்டில் மற்றொரு வண்டி மோதினால் தலை கதவுப் பக்கமாகப் பாய்கிறது. அங்கே காத்திருப்பது குழாய். பின்னாலிருந்து லாரி மோதினால் ஆசனத்தின் முதுகு பின்னே சாய்கிறது. அங்கும் காத்திருப்பது குழாய். கார் செய்தவர்கள் தலையைக் காப்பதற்கென்று கூரையோரத்தில் திரைபோல விரியும் காற்றுப் பைகளை வைத்திருப்பார்கள். ஜன்னலோரமாக இறங்கும் குழாய் அப்பைகள் விரியும் வழியையே அடைத்து விடுகிறது. உள்ளதையும் கெடுத்தபின் சேர்த்ததனால் என்ன லாபம்?

சரி, பெல்ட்டை நீக்கிவிட்டுப் பந்தயப் பட்டைகளையே அணிந்துகொள்ளலாமே என்றால், அதுவும் தனித்து நன்மை தராது. உடலை அசையவிடாமல் கட்டிவிட்டால், மோதலில் கழுத்தொன்றே தலையின் வேகம் முழுவதையும் தாங்க வேண்டும். அதற்குக் கழுத்துச் சாதனம் வேண்டும். அதற்கு ஹெல்மெட் வேண்டும். ஹெல்மெட்டும் பட்டையுமாகக் கடைவீதியில் திரும்பிப் பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்து கார் ஓட்டுவது நடக்கிற காரியமா? ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் கூடவே வரும் சங்கிலி இது. இதன் ஒரு கண்ணியை மட்டும் அறுத்தெடுத்து அணிய இயலாது.

கூரை நசுங்கினால் யார் காப்பது என்ற கேள்வி நியாயமானதே. அதற்கும் விடை உண்டு. கார்களின் கூரை பலத்துக்கு அமெரிக்க அரசாங்கம் 216 என்ற விதியை 1970-களிலேயே கொண்டுவந்தது. வண்டி எடையில் ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரை தாங்க வேண்டுமென்றிருந்த அவ்விதி, 2009-இல் திருத்தப்பட்டு, சாதாரணக் கார்களுக்கு அது மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. இக்காலத்துக் கார்களின் தூண்களுக்குள்ளேயே உயர்தர எஃகு பொதிந்திருக்கிறது. அதாவது கூடு ஏற்கெனவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல், தலைக்கு எட்டாமல் இருக்கிறது. கூட்டைச் சுவருக்குள் வைத்துத் தலைக்கு வெற்றிடம் விடுவது அறிவு. கூட்டைச் சுவருக்கு வெளியே இழுத்துத் தலையோடு உறவாட விடுவது அறியாமை.

அந்தத் தூண்களின் உட்புறமும் தலைக்குத் தீங்கு செய்யலாகாதென்று உலகத்தார் கண்டுகொண்டார்கள். இவ்வறிவு தானாக வரவில்லை. ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் 1965-இல் கார்களின் குறைகளை அம்பலப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். பொதுஜனக் கிளர்ச்சி எழுந்தது. 1966-இல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் கீழ் வந்த 201 என்ற விதி, 1995-இல் காரின் உட்புற மேற்பகுதி முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. நாலரைக் கிலோ எடையுள்ள பொம்மைத் தலையை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் தூண்களிலும் கூரையோரங்களிலும் மோதச் செய்து, தலைக்காய அளவு 1000-ஐத் தாண்டலாகாது என்று அவ்விதி கட்டளையிடுகிறது. காருக்குள் உருள்காப்புக் குழாய் இருப்பின் அதுவும் சோதனைக்குரிய இடமே. ஐக்கிய நாடுகளின் 21-ஆம் வாகன விதியும், தலை மோதக்கூடிய உட்பகுதிகளில் அதே வேகத்தில் சோதனை செய்து, 80 மடங்கு ஆகர்ஷணத்துக்கு மேற்பட்ட விசை ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரத்துக்கு மேல் நீடிக்கலாகாது என்கிறது. பட்டறையில் ஒரு நாள் மாலையில் பற்றவைத்த குழாயை இவ்வாறு சோதித்தவர் யார்?

போர்ஷே கம்பெனி தனது வேகக் கார்கள் சிலவற்றுக்குக் கூடு தருகிறதே என்று உதாரணம் காட்டுவார்கள். உண்மை. ஆனால் அது கொடுப்பது இரு ஆசனங்களுக்கும் பின்னே நிற்கும் பாதிக் கூடு. முன்பாதியைச் சாலைக்காரின் சாரதிக்கு அருகே அது கொண்டுவரவில்லை. பின்னாசனத்தில் மனிதர் உட்காரவும் அக்காரில் இடமில்லை. உதாரணம் எடுப்பவர்கள் முழுமையாக எடுக்க வேண்டும். குழந்தைகள் உட்காரும் பின்னாசனத்துக்கு மேலே குறுக்குக் குழாய் போட்டுவிட்டுப் போர்ஷேயைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமாகாது.

இனி, நமது நாட்டுச் சட்டம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாதென்று விதிக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை உறுதிப்படுத்தியது. இதே பிரிவைச் சுட்டியே 2017 டிசம்பரில் மத்திய அரசாங்கம், கார்களின் முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு மாகாண அரசாங்கங்களுக்கு எழுதிற்று. அத்தடுப்பின் கதையும் இக்கூட்டின் கதையும் ஒன்றே. காருக்குக் கவசமென்று மாட்டினார்கள். எதிரே வந்த பாதசாரிக்கு அது ஆயுதமாயிற்று. அங்கே வெளியிலிருப்பவனுக்கு நேர்ந்த ஆபத்து இங்கே உள்ளிருப்பவனுக்கு நேர்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

ஆயினும் அபராதச் சீட்டினால் மட்டும் இது தீராது. வக்கீல் தொழிலில் பல வருஷம் இருந்த அநுபவத்தால் சொல்லுகிறோம்: தண்டனைக்கு அஞ்சுகிறவன் போலீஸ்காரர் இல்லாத தெருவைத் தேடுவான், காரணத்தை அறிந்தவனே காரியத்தை விடுவான். ஆகவே பட்டறைக்காரர்கள் தங்கள் கடமையை உணர வேண்டும். சாலையில் ஓடும் காருக்குக் கூடு கேட்டு வருகிறவனிடம், "தலைக்கு என்ன அணிவீர்?" என்று முதலில் கேட்கட்டும். திருப்தியான பதில் வராவிட்டால் பற்றவைக்கும் கருவியைக் கீழே வைக்கட்டும். தந்தையர் தங்கள் பிள்ளைகளின் காரில் ஒருமுறை உட்கார்ந்து, தலையை நான்கு புறமும் சாய்த்துப் பார்க்கட்டும். எங்கேனும் இரும்பு தலைக்கு எட்டுமாயின் அது அங்கே இருக்கலாகாது.

பந்தயத்தில் ஆர்வமுள்ள இளைஞரை நாம் தடுக்கவில்லை. தீரம் இளமையின் அணிகலன். இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் பந்தயத்துக்கென்றே தளங்கள் இருக்கின்றன. கூடுள்ள காரை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுசெல்லுங்கள். ஹெல்மெட், பட்டை, கழுத்துச் சாதனம், தரமான மெத்தை யாவும் பூண்டு ஓடுங்கள், வெற்றி பெறுங்கள். வீடு திரும்பும்போது, தலைக்கருகே இரும்பில்லாத காரில், மூன்று முனை பெல்ட் அணிந்து திரும்புங்கள்.

1935 மே மாதத்தில் அரேபிய லாரன்ஸ் என்று பேர்பெற்ற ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டு, தலைக்காயத்தால் ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவரைப் பார்த்த வைத்தியர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் அச்சாவை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிற்று. ஒரு சாவிலிருந்து ஒரு தேசம் பாடம் கற்க ஆறு ஆண்டு ஆயின. நமக்கு அந்தப் பாடம் எழுதப்பட்டே இருக்கிறது; விலையும் பிறர் கொடுத்தாயிற்று. அதைப் படிப்பதற்கு நமது வீட்டுப் பிள்ளை ஒருவனுடைய தலையை மறுபடியும் விலையாகக் கேட்கலாமா?

நண்பரின் குமாரர் சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். முன்பாதிக் குழாய்களைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். பின்பாதி இன்னும் இருக்கிறது; அதையும் கழற்றுமளவும் அவரை விடுவதாக இல்லை.